எந்த ஏட்டின்படி?

எனக்குச் சொந்த ஊர் கல்லங்குறிச்சி. அரியலூருக்கு அருகே, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட ஊர். மூலவர் கற்கம்பமாக நிற்கும் கோயில் அது. இராமநவமியை ஒட்டித் தேரோடும்போது சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அந்தத் தேர் நிலையிலிருந்து எங்கள் வீடு எத்தனை அடி தொலைவோ, நான் பிறந்தபோதும் அத்தனை அடி தொலைவுதான். ஆனால் என் பிறப்புச் சான்றிதழில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று இருக்கிறது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. நாங்கள் பெரம்பலூர்க்காரர்கள் ஆனோம். 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007இல் மறுபடியும் அரியலூர். என் சான்றிதழ்களை வரிசையாக அடுக்கினால் ஊர் ஊராக அலைந்த குடும்பம் என்றுதான் எவரும் எண்ணுவர். ஒவ்வோர் அலுவலகத்திலும் அப்பா ஒரே விளக்கத்தைச் சொல்வார்: "ஊரு அப்படியேதாங்க இருக்கு. மாவட்டந்தான் மாறிக்கிட்டே இருக்கு."

அப்பாவுடைய அந்த வாக்கியம் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கணினியின் முன்னால் எனக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இலக்கியம் படிக்க வருகிற இடத்தில் கணினி நிரலைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். சற்றுத் தூரம் கூட வந்தால் பழைய ஏட்டுச்சுவடிகளிடம்தான் போய்ச் சேர்வோம்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். கணினியை முறையாகப் பயின்றவன் அல்லன். என் ஆசிரியர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பின் ஆறேழு ஆண்டுகள் உட்கார்ந்து, சங்கப் பாடல்களுக்குச் சொல்லடைவு ஒன்றைத் தாமே தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவர் மறைந்த பின் அந்தக் கோப்புகள் என்னிடம் வந்தன. திறந்து பார்த்தால் திரை முழுதும் புரியாத குறிகள். அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டியவை அவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்கள் வந்தன. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. இவை போக, எழுத்துரு விற்றவர்கள் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான். அதற்கு முன் தட்டியவையெல்லாம், எழுதியவரின் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்.

2009இல் என் பழைய மாணவர் ஒருவர் அந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். தமிழ் பயின்று, பிறகு கணினிக்குப் போனவர் அவர். நிரலை எழுதியது பைத்தான் என்னும் மொழியில். "ஐயா, இது மூணே பக்கம்தான். நீங்களே படிச்சுப் பார்த்தாப் புரியும்" என்றார். உண்மையாகவே புரிந்தது. அப்படித்தான் நாற்பதை நெருங்கும் வயதில் நானும் சில்லறை நிரல்கள் எழுதத் தொடங்கினேன்.

அப்போது எனக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், 2008 டிசம்பரில், பைத்தானின் மூன்றாம் பதிப்பு வெளிவந்திருந்தது. இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல் மூன்றாம் பதிப்பில் ஓடியே தீர வேண்டும் என்ற உறுதியை அதை ஆக்கியவர்கள் தெரிந்தே கைவிட்டிருந்தார்கள். பழைய பிழைகளைத் திருத்த வேண்டுமானால் எங்காவது வெட்டிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. பதினோர் ஆண்டுகள் இரண்டும் அருகருகே வழங்கின. 2020 சனவரி 1ஆம் நாளோடு இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது.

அவர்கள் திருத்திய பிழைகளில் ஒன்று தமிழனுக்கு நேரடியாகத் தொடர்புடையது. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்து நீளம் என்ன என்று கேட்டால் பழைய பதிப்பு 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணவில்லை. எழுத்தைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. புதிய பதிப்பு 5 என்று சொல்லும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஒருங்குறி வகுத்த ஐந்து உருப்படிகள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். தொல்காப்பியரிடம் கேட்டால், செய்யுளில் அடியை அளக்கும்போது 2 என்பார். ஒற்றை அவர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஒரு சொல், நான்கு விடை. நான்கும் அவரவர் நெறிப்படி சரியானவையே. எவருடைய கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது.

இதை இன்று இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டேன். கற்றுக்கொள்ளக் கொடுத்த விலையைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

2021இல் புதிய கணினி வாங்கி அதில் உபுண்டு 20.04ஐ நிறுவினேன். வழக்கம்போலப் பைத்தான் என்று தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. பெயரிலேயே எண் சேர்ந்துவிட்டிருந்தது. மூன்று என்று சேர்த்துச் சொன்னால் புதியது வரும். பழையது வேண்டுமானால் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். என் ஆசிரியரின் சொல்லடைவுக்கு வழி திறந்துவிடும் நிரலோ பழைய பதிப்பில் மட்டுமே ஓடும். பைட்டு பைட்டாகப் பிரித்து மாற்றும் நிரல் அது. பைட்டையும் எழுத்தையும் கண்டிப்பாகப் பிரித்து வைத்திருக்கும் மூன்றாம் பதிப்பில் முதல் வரியிலேயே நின்றுவிடும். திருத்தி எழுதலாமே என்று கேட்பீர்கள். அதன் விளைவுகளைப் பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்து நம்பிக்கை பெற்றிருந்தேன். அதில் கைவைத்துப் புதுப் பிழைகளைக் கொண்டுவர மனமில்லை. ஆகவே எனக்கு இரண்டு பதிப்பும் வேண்டியிருந்தன.

முதலில் நான் செய்தது மடத்தனம். கணினி தனக்கென்று வைத்திருக்கும் பைத்தானின் பெயரை, நான் புதிதாக நிறுவிய இன்னொரு பதிப்பின் பக்கம் திருப்பிவிட்டேன். மறுமுறை தொடங்கியபோது, கட்டளைகளைத் தட்டும் கருஞ்சாளரமே திறக்கவில்லை. அந்தச் சாளரத்தைத் திறந்துவிடும் சிறு நிரலும் அதே பைத்தானை நம்பித்தான் இருந்திருக்கிறது. இன்னொருவர் சாய்ந்திருக்கும் தூணை நம் வசதிக்காக நகர்த்தக் கூடாது என்று தெரிந்துகொண்டேன்.

பிறகு ஷெல் நிரல் ஒன்று எழுதினேன். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுவது ஷெல். அதே கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அதுவே ஷெல் நிரல். நாம் ஒரு பெயரைச் சொன்னதும் ஷெல் அந்தப் பெயருடைய நிரலைத் தேடிப் போகும். எங்கெங்கே தேடலாம் என்பதற்கு 'பாத்' என்ற ஒரு பட்டியல் உண்டு. அடைவுகளின் பெயர்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஒரே நீண்ட வரி. இடமிருந்து வலமாகத் தேடிக்கொண்டு போகும்; முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும்; அதற்கப்பால் பார்க்காது. எனவே பதிப்பை மாற்றுவதற்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனி அடைவுகளில் வைத்துவிட்டு, வேண்டியதன் அடைவைப் பட்டியலின் முன்னால் கொண்டுவந்தால் போதும். ஊர் அப்படியே இருக்கும், மாவட்டம் மாறும். அப்பாவின் நினைவு வந்தது அந்த இரவில்தான்.

பழசு, புதுசு என்று ரோமன் எழுத்தில் இரண்டு பெயர்களை வைத்து எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். பிழையேதும் காட்டவில்லை, ஆனால் எதுவும் மாறவுமில்லை. இரண்டு நாள் குழம்பிய பிறகு காரணம் புரிந்தது. ஷெல் ஒரு நிரலை ஓட்டும்போது தனக்கு ஒரு பிள்ளையைப் பெற்று அதனிடம் வேலையை ஒப்படைக்கிறது. பெற்றவரின் பட்டியலுக்கு ஒரு படி பிள்ளைக்குக் கிடைக்கும். பிள்ளை தன் படியில் என்ன மாற்றம் செய்தாலும், வேலை முடிந்து அது மறையும்போது மாற்றமும் மறைந்துவிடும். பெற்றவரை எட்டாது. பெற்றவரே அதைப் படித்துத் தன்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டுமானால் 'சோர்ஸ்' என்ற கட்டளையால் அழைக்க வேண்டும். அப்படி அழைத்ததும் வேலை செய்தது. பத்துப் பன்னிரண்டு முறை மாற்றிய பின் பார்த்தால் பட்டியல் அனுமார் வால்போல நீண்டிருந்தது. புதிய அடைவை முன்னால் ஒட்டினேனே தவிரப் பழையதை எடுக்கவில்லை. அதையும் சரிசெய்தேன். இருபது வரியில் அழகாக முடிந்தது. காலையில் பழசு என்று தட்டி ஆசிரியரின் கோப்புகளை மாற்றுவேன். மாலையில் புதுசு என்று தட்டி என் ஆய்வுக் கணக்குகளைப் போடுவேன். பெருமையாகவும் இருந்தது.

அந்த ஆண்டில் என்னிடம் ஒரு மாணவி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். சங்கப் பாடல்களின் அடியளவு பற்றிய ஆய்வு. நான்கு முதல் ஆறு எழுத்து வரை குறளடி, ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி, பத்து முதல் பதினான்கு வரை அளவடி, பதினைந்து முதல் பதினேழு வரை நெடிலடி, பதினெட்டு முதல் இருபது வரை கழிநெடிலடி என்று தொல்காப்பியச் செய்யுளியல் எழுத்தெண்ணி வகுக்கிறது. அந்த அளவுகோலைக் கொண்டு, தேர்ந்தெடுத்த சில அகப்பாடல்களையும் புறப்பாடல்களையும் அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் உள்ளவர். ஒரு நாள் வந்து, "ஐயா, இந்தப் பாட்டுகளைப் படிக்கும்போது மூச்சு நெறைய வேண்டியிருக்கு. அடி கொஞ்சம் நீண்டிருக்குன்னு தோணுது" என்றார்.

"தோணுறதை எல்லாம் ஆய்வேட்டில எழுத முடியாதும்மா. எண்ணிப் பாத்துடுவோம்" என்றேன்.

எண்ணும் நிரலை நானே எழுதியிருந்தேன். ஒற்றை நீக்கி எழுத்தெண்ணி, அடிகளின் எண்ணிக்கையால் வகுத்து, பாட்டுக்குப் பாட்டு சராசரி சொல்லும். இரண்டு பதிப்பிலும் ஓடுமாறு கவனமாக எழுதியது. அவர் வந்து உட்கார்ந்தபோது என் மேசையில் காலையில் திறந்த சாளரம் அப்படியே இருந்தது. அதில் ஓட்டினோம். ஒரு பாட்டுக்கு 12, அடுத்ததற்கு 12, இன்னொன்றுக்கு 13, பிறகு 12. அகம், புறம் என்ற வேறுபாடே தெரியவில்லை. "பாத்தியாம்மா, காது ஏமாத்தும், கணக்கு ஏமாத்தாது" என்று ஒரு பொன்மொழியும் உதிர்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் கருதுகோளைக் கைவிட்டு, வேறுபாடு இல்லை என்று அந்த இயலைத் திருத்தி எழுதினார். இரண்டு மாத உழைப்பு.

பிறகு ஒருநாள் அட்டவணைகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "ஐயா, சராசரின்னா ஒண்ணு ரெண்டாவது புள்ளி வெச்சு வரணுமே. எல்லாமே முழு எண்ணா எப்படி வருது?"

எனக்கு உள்ளே ஏதோ வழுக்கியது. ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுக்கச் சொன்னால், இரண்டும் முழு எண்ணாக இருக்கும்போது, பைத்தானின் இரண்டாம் பதிப்பு பின்னத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் தரும். பத்தடிப் பாட்டில் 121 எழுத்து இருந்தாலும் 12. 129 எழுத்து இருந்தாலும் 12. மூன்றாம் பதிப்பு 12.1 என்றும் 12.9 என்றும் சரியாகச் சொல்லும். அன்று நாங்கள் ஓட்டிய சாளரம் பழசில் இருந்தது. நிரல் தடுமாறவில்லை, எச்சரிக்கை தரவில்லை, அமைதியாகத் தவறான விடையைத் தந்துவிட்டது. ஓடாமல் நின்றிருந்தால் பிழைத்திருப்போம்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இந்த வகுத்தல் குறையை அறிந்து, 2001இலேயே இரண்டாம் பதிப்புக்காரர்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்திருந்தார்கள். நிரலின் தலையில் 'எதிர்காலத்திலிருந்து வகுத்தலை இறக்குமதி செய்' என்ற பொருளில் ஒரு வரி எழுதினால் போதும். இருபது ஆண்டுகளாக இருந்த அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

அவர் எதிரிலேயே புதுசு என்று தட்டி மறுபடி ஓட்டினேன். எண்கள் பின்னங்களோடு வந்தன. அவருடைய காது சொன்னது சரி. வேறுபாடு பெரியதன்று, ஆனால் இருந்தது. அதன் அளவும் காரணமும் அவருடைய ஆய்வேட்டின் பொருள். அவற்றை நான் இங்கே சொல்வது முறையன்று. "என் தப்பும்மா. ரெண்டு மாசத்தை வீணாக்கிட்டேன்" என்றேன். "பரவால்லீங்கய்யா. பழைய இயல் பையில இருக்கு, அழிக்கலை" என்றார். நான் கைவிடச் சொன்ன கருதுகோளை அவர் எறிந்துவிடவில்லை. பதிப்புகளைக் காப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உ.வே. சாமிநாதையர் சிறுவயதில் சில காலம் எங்கள் அரியலூரில் இருந்து சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டவர். இதை வகுப்பில் ஆண்டுதோறும் பெருமையோடு சொல்வேன். அந்தப் பெருமைக்குரியவர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தவர். பல ஊர் ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டார். ஒன்றைத் தேர்ந்து மூலமாக அச்சிட்டார். ஒதுக்கிய பாடத்தையும் பிரதிபேதம் என்று கீழே குறித்தார். தாம் தேர்ந்தது தவறென்று பின்னால் வருகிறவன் கண்டுபிடிக்க வேண்டுமானால், தேராததும் அவன் கைக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா? இருபது ஆண்டுகளாக இதை மாணவர்களுக்குப் பதிப்பு நெறி என்று நடத்துகிறேன். என் மேசைக்கு வந்தபோது, இரண்டு ஏடுகளை வைத்துக்கொண்டு, எந்த ஏட்டின்படி என்று குறிக்காமல் மூலத்தை மட்டும் அச்சிட்டவனாகிவிட்டேன்.

என் ஷெல் நிரல் மாற்றித் தந்தது. மாறியிருக்கிறது என்று சொல்லவில்லை. தவறு அங்கேதான். எந்தப் பதிப்பில் நிற்கிறோம் என்பது என் நினைவிலும், திறந்து கிடந்த ஒரு சாளரத்திலும் மட்டுமே இருந்தது. இரண்டும் நம்பத்தகாதவை.

பிறகு விசாரித்தபோது, நான் இருபது வரியில் தடுமாறியதை உலகம் முன்பே நன்றாகச் செய்து வைத்திருப்பது தெரிந்தது. ரூபி மொழிக்கு ஆர்பிஎன்வ், நோடுக்கு என்விஎம், பைத்தானுக்குப் பைஎன்வ் என்று பதிப்பு மாற்றிகள் உள்ளன. இவையும் பெரும்பாலும் ஷெல் நிரல்களே. பைஎன்வில் ஒரு வழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. ஒவ்வோர் அடைவிலும் ஒரு சிறு கோப்பு. அதில் பதிப்பின் எண் மட்டும் இருக்கும். நாம் எந்த அடைவுக்குள் நின்று பைத்தானை அழைக்கிறோமோ, அங்குள்ள குறிப்பைப் படித்து அதற்குரிய பதிப்பை அது ஓட்டும். அங்கே குறிப்பில்லையென்றால் மேலடைவில் தேடும். எங்கும் இல்லையென்றால்தான் பொது ஏற்பாட்டுக்குப் போகும். சுவடிக்கட்டோடு சுவடியின் குறிப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஆள் மறந்தாலும் கட்டு மறக்காது.

இப்போது என் ஆசிரியரின் சொல்லடைவு இருக்கும் அடைவில் 2.7 என்றொரு குறிப்பு இருக்கிறது. ஆய்வுக் கணக்குகளின் அடைவில் இன்னொரு குறிப்பு. கருஞ்சாளரத்தில் ஒவ்வொரு வரியின் தலையிலும் நடப்புப் பதிப்பின் எண் தெரியும்படி செய்துவிட்டேன். எண்ணும் நிரல் தான் எழுதும் விடைக்கோப்பின் முதல் வரியிலேயே எந்தப் பதிப்பு, எந்த மூலப்பாடம், ஒற்று நீக்கியதா நீக்காததா என்று மூன்றையும் எழுதிவிட்டுத்தான் எண்ணத் தொடங்கும். பழையதை நான் அழிக்கவில்லை. அழித்தால் என் ஆசிரியர் தட்டிவைத்த கோப்புகளைப் படிக்க என்னிடம் வேறு வழியில்லை.

மாணவியின் ஆய்வேடு சென்ற முறை பார்த்ததைவிட ஒரு பக்கம் கூடியிருந்தது. பின்னிணைப்பின் தொடக்கத்தில், இவ்வாய்வின் கணக்குகள் அனைத்தும் பைத்தான் 3.8இல் செய்யப்பட்டவை என்றும், முன்னர் 2.7இல் செய்த கணக்கு பின்னத்தை விட்டதால் நீக்கப்பட்டது என்றும் எழுதி, நீக்கிய அட்டவணையையும் சேர்த்திருந்தார். நீக்கியதை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் கையொப்பம் இட்டேன்.